மியூசியத்துச் சேலையின் பின்பக்கம்

இன்று சேவூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெண், சென்னை மியூசியத்தில் எடுத்த போட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் ஒரு பழைய பட்டுச்சேலை. அரக்குச் சிவப்பு, உடலெங்கும் அன்னப் புட்டா.

எனக்குத் தெரிந்த சேலை!

எண்பதுகளில், நான் ஐந்தாவது படித்தபோது, தறிக்கு ஒரு நாள் லீவு விட்டு அப்பா என்னை மெட்ராஸ் அழைத்துப் போனார். முதலில் மியூசியம், பிறகு பீச். நான் அதுவரை கடலையே பார்த்ததில்லை.

அப்பாவோ இந்தச் சேலையை விட்டு நகரவில்லை. கண்ணாடிப் பெட்டியின் ஓரத்தில் தலையைச் சாய்த்துச் சாய்த்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா பாத்துகினு கீறீங்க?" என்றார் காவலர்.

"கொஞ்சம் திருப்பிக் காட்டுங்களேன். புட்டா நூல பின்னால வெட்டி உட்டுகிறாங்களா, அடுத்த புட்டா வரைக்கும் ஓட உட்டுகிறாங்களான்னு பாக்கணும்."

"தொடக்கூடாதுங்க. இதுவரைக்கும் யாரும் பின்பக்கம் கேட்டதில்ல."

"பீச்சுக்குப் போலாம்பா" என்று நான் அழுதேன்.

"கடல் எங்கியும் போவாது, இரு."

கடைசியில் ஊர் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கடலுக்குக் கிடைத்தது ஐந்து நிமிடம். அதிலும் அப்பா அலைக்கு முதுகைக் காட்டி, மணலில் புட்டா வரைந்துகொண்டிருந்தார்.

இன்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்: "பின்பக்கம் எடுத்தியாம்மா?"

"பின்னால நெலக்கண்ணாடி வெச்சிகிறாங்க ஆன்ட்டி. யாராச்சும் கேட்டிருப்பாங்க போல" என்று அடுத்த போட்டோவைக் காட்டினாள்.

நிலைக்கண்ணாடி முழுக்க அவள் முகம்தான் தெரிந்தது.

சென்னை போகிறவர்கள் யாராவது பார்த்து வந்து சொல்லுங்கள். நூலை வெட்டியிருக்கிறார்களா, ஓட விட்டிருக்கிறார்களா?

ஆனால் பீச்சுக்கு முதலில் போய்விடுங்கள்.