கடலில் நின்ற மெக்கானிக்

குடிதண்ணீர் மெஷின் பழுது பார்க்க ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும் என்று நம்பி இந்த வேலைக்கு வந்தேன். இப்போது நான் எங்கே நிற்கிறேன் என்பதை முதலில் என் போன் ஒப்புக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் வீட்டில் நின்று, கம்பெனி பக்கத்தை பிரவுசரில் திறந்து, 'வந்துவிட்டேன்' என்பதை அழுத்த வேண்டும். மூன்று தடவை இடம் தப்பினால் லைனை, அதாவது நான் சுற்றும் ஊர்களை, மாற்றிவிடுவார்கள். என் லைன் கடலூரில் தொடங்கி சிதம்பரத்தில் முடிகிறது. என் வீடும் சிதம்பரம்தான். சாயங்காலம் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர முடிவதே இந்த லைனால்தான். போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு தெருவில் அலைந்தவர்களுக்கு என் பாடு புரியும்.

கரையேறாத புள்ளி

கடலூர்க் கடலோரத்தில், தேவனாம்பட்டினத்தில் ஒரு வீடு. சமையலறையில் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து அழுத்தினால், வரைபடத்தில் பெரிய நீல வட்டம் வந்தது. அதன் நடுப்புள்ளி கடலில் இருந்தது. வாசலுக்கு வந்தேன், தெருமுனைவரை போனேன், புள்ளி கரையேறவில்லை. முதல் தப்பு பதிவானது. விஷயத்தைக் கேட்ட வீட்டுக்கார அக்கா சிரிக்காமல் சொன்னார்: "கடல்லதான் நிக்கிறன்னா, வரும்போது ரெண்டு சங்கரா மீனு புடிச்சிக்கிட்டு வா தம்பி."

டேங்க் மேல் டாட்டா

அடுத்து, கடலூர் முதுநகரில் கான்கிரீட் வீடு. கூரைதான் மறைக்கிறது என்று நானே முடிவுகட்டி, மாடியேறி, தண்ணீர் டேங்க் மேல் நின்று போனைத் தூக்கிப் பிடித்தேன். அப்போதும் என்னை ரயில்வே ஜங்ஷன் பக்கம் காட்டியது. இரண்டாவது தப்பு. மகள் பள்ளி வாசலில் தனியாக நிற்பது கண்ணுக்குள் வந்தது. கீழேயிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்: "மெஷின் கிச்சன்ல இருக்குதுங்க. அங்க ஏறி யாருக்கு டாட்டா காட்டறீங்க?"

மச்சான் தந்த யோசனை

சிதம்பரத்தில் மூன்றாவதும் தப்பப் பார்த்தது. நான் திரும்பத் திரும்பத் தட்டிப் பார்ப்பதைக் கண்ட அந்த வீட்டுக் கல்லூரிப் பெண் போனை வாங்கி, பிரவுசருக்கு நான் கொடுத்திருந்த அனுமதியைத் திறந்தாள். 'தோராயமான இடம்' என்றிருந்தது. அந்தப் புண்ணியத்தைக் கட்டிக்கொண்டவன் என்னோடு வேலை பார்க்கும் குமார். "தோராயமாப் போடு மச்சான், டீக்கடையில நிக்கிறது ஆபீசுக்குத் தெரியாது" என்று எங்கள் எல்லாருக்கும் ஓதியிருந்தான். நானும் அப்படியே போட்டுவிட்டு மறந்திருந்தேன்.

அவள் 'துல்லியமான இடம்' என்று மாற்றிப் பக்கத்தைத் திரும்பத் திறந்தாள். வட்டம் சுருங்கிச் சுருங்கி அவர்கள் வீட்டிலேயே உட்கார்ந்தது. கடலில் நின்ற கதையையும் குமாரின் யோசனையையும் நான் சொல்லக் கேட்டவள், போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டாள்: "ஒரு டீக்காகவாண்ணா கடல்ல போயி நின்னீங்க?"

பள்ளி வாசல்

அன்று சாயங்காலம், இன்னொரு வீடு பாக்கியிருக்கும்போதே மகளுக்காகப் பள்ளி வாசலுக்கு நழுவினேன். பிரவுசரில் கம்பெனி பக்கம் திறந்தே கிடந்து, நான் நிற்கும் இடத்தை ஆபீசுக்குக் காட்டிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் போனில் கூப்பிட்டார். லைன் போச்சு என்று நினைத்துக்கொண்டே எடுத்தேன். அவரோ சாவகாசமாகச் சொன்னார்: "ஸ்கூல் வாசல்ல நிக்கிறீங்க, நல்லாவே தெரியுது. பாப்பாவ வீட்ல விட்டுட்டுச் சொல்லுங்க, கடைசி கம்ப்ளெய்ண்ட்ட அப்புறம் அனுப்பறேன்."

இப்போதெல்லாம் போன் என்னை நின்ற இடத்திலேயே காட்டுகிறது, டீயைத்தான் சூடு ஆறுவதற்குள் விழுங்க வேண்டியிருக்கிறது.