சீமாட்டியின் இரண்டாவது போர்வை

பணியாளர் பதிவேட்டில் அவளைப் பற்றி இரண்டே வரிகள்: "சலவைப் பிரிவு உதவியாளர். குதிரைகளுடன் தொடர்பற்ற பணி." இதை எழுதிய அதிகாரி சலவை அறைக்குள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை என்பது நிச்சயம். பார்த்திருந்தால் அவர் சட்டையிலும் நாலு குதிரை முடி ஒட்டியிருக்கும்.

அந்தக் குதிரையேற்றப் பள்ளியில் முப்பத்தொரு குதிரைகள். எது சுவரில் உரசுகிறது, எதற்குத் தோளில் அரிப்பு என்பதெல்லாம் அவற்றின் போர்வையைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிடும். குதிரை மருத்துவர்கூட, "என்ன நுரையக்கா, இன்னிக்கு யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் லாயத்துக்குள் போவார்.

நுரையைக் கண்டாலே அவளுக்கு ஆகாது; அதனால்தான் அந்தப் பெயர். போர்வையில் சோப்பு மிச்சமிருந்தால் குதிரையின் தோல் தடித்துவிடும். முதலில் முரட்டு பிரஷால் முடியை வழித்தெடுப்பாள். வார்க் கொக்கிகள் துவைக்கும் இயந்திரத்தை இடிக்காதபடி ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய காலுறையை மாட்டுவாள். வெதுவெதுப்பான தண்ணீர், வாசனை சேர்க்காத சோப்பு. அலசி முடித்ததும் போர்வையின் ஓரத்தை நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பாள். கசந்தால் மறுபடியும் அலசல். அவள் கணவருக்குக் காலுறை ஜோடியாகக் கிடைத்து வருஷக்கணக்காகிறது.

முப்பத்தொன்றில் ஒன்று, இரண்டு கண்ணும் தெரியாத கிழட்டுப் பெண் குதிரை. சீமாட்டி என்றால்தான் லாயத்தில் எல்லோருக்கும் தெரியும். குளிருக்குத் தடித்த போர்வை ஒன்று, அதற்கு உள்ளே போடும் மெல்லியது ஒன்று என்று அதற்கு இரண்டு. வேறு யார் போர்த்தப் போனாலும் உதைதான். அதனால் தினமும் பதிவேட்டைப் பொய்யாக்கிக்கொண்டு நுரையக்காவே போவாள். சீமாட்டி சுங்க அதிகாரி மாதிரி போர்வையை ஓரம் ஓரமாக மோந்து பார்க்கும். அனுமதி கிடைத்த பிறகுதான் போர்த்தலாம். அதன்பின் அவள் தோளில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கும். கனம் தாங்காது. அவளும் நகர மாட்டாள்.

வயதாகிவிட்டது என்று சீமாட்டியை மலைப் பக்கத்துப் பண்ணை ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். லாரியில் பத்து மணி நேரம். பிறந்த வீட்டுச் சீர் போல இருக்கட்டும் என்று தடித்த போர்வையை மூன்று முறை துவைத்து, பளிச்சென்று மடித்துக் கொடுத்தாள். மெல்லியதை மட்டும், கிழிந்துபோனது என்று எழுதிவிட்டு, துவைக்காமல் சோப்பு அலமாரிக்குள் செருகி வைத்தாள். வேலை சம்பந்தமாக அவள் சொன்ன பொய்களில் அது முதலாவது.

தினமும் சாப்பாட்டு வேளையில் அலமாரியைத் திறந்து அந்தப் போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். பள்ளிக்குத் தீவன வண்டி ஓட்டும் கணவர் ஒரு நாள் கையும் களவுமாகப் பிடித்தார்.

"என் சட்டைய ஒரு நாளாவது இப்படி மோந்து பாத்திருக்கியா?"

"உங்க சட்டை எங்கயும் போகலையே."

மனிதர் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மூன்றாவது வாரம் பண்ணைக் காவலாளி தொலைபேசியில் கூப்பிட்டார். "உங்க குதிரை போர்வைய கிட்ட கொண்டுபோனாலே உதைக்குதும்மா. இங்க பனி கொட்டுது, நடுங்கிக்கிட்டு நிக்குது. நாலு காலையும் கட்டிப்போட்டுப் போத்துங்கன்னு முதலாளி சொல்றாரு. நல்ல சுத்தமான போர்வைதான், புதுசு மாதிரியே இருக்கு."

அந்தக் கடைசி வார்த்தையில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கண்ணில்லாத ஜீவனுக்குத் தெரிந்த ஒரே முகமான அந்தப் பழகிய வாசனையை, பிரியம் தாங்காமல் மூன்று தடவை அலசித் தொலைத்திருக்கிறாள்.

"கட்டாதீங்கண்ணே. இன்னொண்ணு அனுப்பறேன். அதை உள்ள போட்டு, தடிச்சதை மேல போடுங்க. மோந்து பாக்கட்டும், அவசரப்படுத்தாதீங்க. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க."

"குதிரைகிட்ட என்னம்மா பேசறது?"

"நான் எங்க வீட்டுக்காரரைத் திட்டுவேன்."

"நான் கட்டிக்கவே இல்லையேம்மா."

"அப்ப முதலாளியத் திட்டுங்க."

அலமாரியிலிருந்து போர்வையை எடுத்தாள். பாதியை வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. கத்தரிக்கோலும் கைக்கு வந்துவிட்டது. முழத்தால் அளந்து பார்த்தாள். பாதி, சீமாட்டியின் முதுகுக்கே காணாது. கத்தரிக்கோலை ஆணியில் மாட்டிவிட்டுப் போர்வையைச் சுருட்டிக் கட்டினாள். மறுநாள் காலை அது கணவரின் தீவன வண்டியில் பண்ணைக்குக் கிளம்பியது.

நாலாம் நாள் காவலாளி கூப்பிட்டார். "போத்திக்கிச்சும்மா. முதலாளியத் திட்டித் திட்டி எனக்குத் தொண்டை கட்டிப்போச்சு. குளிர் போனதும் அந்தத் துணியத் திருப்பி அனுப்பணுமா?"

அனுப்புங்கள் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள்.

"வேண்டாம். அங்கயே இருக்கட்டும். யாரும் அதைத் துவைச்சிடாம மட்டும் பாத்துக்குங்க" என்றாள்.

பதினேழு வருஷம் போர்வை துவைத்தவள், ஒன்றை மட்டும் துவைக்காமல் கொடுத்துவிட்டாள்.