ஓலை வாசித்த மூன்று வாரம்

அண்ணனுக்கு வயிற்றுவலி என்று ஊரில் சொல்லிவைத்தது நான்தான். பொய் சொல்வதில் எனக்கு அப்போது நல்ல சாமர்த்தியம். இன்று யாராவது கேட்டால் மனசுக்குச் சுகமில்லை என்று நேராகவே சொல்வேன். ஆனால் இப்போது யாரும் கேட்பதில்லை.

சுனாமி வந்த அன்று அவன் கரையில் பிணம் தூக்கினான். மாதா கோயிலுக்குப் பின்னால் தோண்டிய குழியில் ஒவ்வொன்றாக இறக்கினான். அதில் ஒன்று, அவனோடு ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போய்வந்த கூட்டாளி. அதற்குப் பிறகு அண்ணன் கடலுக்குப் போகவில்லை, தூங்கவும் இல்லை. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பான். மனநலம் பற்றிப் பேச வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகளை, "இஞ்ச பைத்தியம் ஆருமில்ல" என்று அம்மா வாசலோடு அனுப்பிவிட்டாள்.

ஏழெட்டு மாதம் கழித்து நானே அவனைக் குழித்துறைக்குக் கூட்டிப்போனேன். நாகர்கோவிலில் டாக்டர் இல்லாமலில்லை. அங்கே போனால் தெரிந்த முகம் யாராவது எதிரில் வந்துவிடும். டாக்டர் தந்த மாத்திரையை ஒரு பழைய வயிற்றுவலி மருந்து டப்பாவில் போட்டு வைத்தேன். பக்கத்து வீட்டுக்காரி மோரில் பெருங்காயம் கரைத்துக் கொண்டுவந்தாள், இன்னொருத்தி சுக்குக் கஷாயம். பாவம், அண்ணன் எல்லாவற்றையும் மறுக்காமல் குடித்தான்.

மாத்திரை கேட்டது. இரண்டு மாதத்தில் தூங்க ஆரம்பித்தான். ஒருநாள் கடலுக்குப் போய்வந்து, கை நிறைய சாளை மீனை என் முன்னால் கொட்டி, "ஏட்டி, புளிமுளம் வையி" என்றான். எத்தனை நாள் கழித்து அவன் வாயிலிருந்து ஒரு கறியின் பெயர்!

அந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணம் ஒத்துவந்தது. மாப்பிள்ளை பக்கத்துக் கடற்கரை ஊர், துபாயில் வேலை. எங்கள் கோயில்களில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று இரண்டு ஊர்க் கோயிலிலும் அறிவிப்பார்கள். தடை என்றால் நெருங்கிய உறவுமுறையோ, ஏற்கெனவே முடிந்த கல்யாணமோ, அவ்வளவுதான். எனக்கோ அந்தச் சொல் அண்ணனையே குறிப்பதாகப் பட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்துபோகிற நாட்கள் வேறு. யாராவது டப்பாவைத் திறந்துவிட்டால்?

"அண்ணே, ஓலை வாசிச்சு முடியது வரைக்கும் மாத்திரய நிப்பாட்டுவியா? மூணே மூணு வாரம்."

"ஒனக்கு நல்லது நடக்கட்டும் மக்கா" என்றான். மிச்சமிருந்த அட்டைகளை நான் அடுப்பில் போட்டேன்.

முதல் ஓலைக்கு ஆண்கள் பக்கம் முன்வரிசையில் நின்றான். இரண்டாவதுக்கு வாசலோடு நின்றான். மூன்றாவதுக்கு வரவே இல்லை. கல்யாணத்தன்று பின்னறையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். பட்டுச்சேலையோடு நின்று, கேட்டவர்களுக்கெல்லாம் வயிற்றுவலி என்றேன்.

அதன்பிறகு எத்தனை கெஞ்சியும் குழித்துறைக்கு வரவில்லை. "வேண்டாம்ட்டி, நான் இப்படியே கெடந்துக்கிடுதேன்" என்பான்.

ஐந்தாறு வருடம் போனது. மாமியார் வழுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று டாக்டர் கேட்டார். விடுமுறையில் வந்திருந்த என் கணவர் தயங்கித் தயங்கி, வீட்டுக்குப் போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்தார். உள்ளே அண்ணனுக்குத் தந்த அதே மாத்திரை. பெயரை மறக்க முடியுமா?

"நம்ம கல்யாணத்துக்கு முன்னாலயே அம்மைக்கு இந்தச் சீக்கு உண்டு. தெரிஞ்சா பொண்ணு தரமாட்டாவளேன்னு சொல்லல்ல" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

அடுத்த ஞாயிறு அந்த டின்னிலிருந்து ஒரு காலி அட்டையை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் போனேன். அவனைப் போல இன்னொருத்தியும் இருக்கிறாள் என்று தெரிந்தால் மனம் மாறுவான் என்று நினைத்தேன். எல்லாம் சொன்னேன். அவன் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஓலை வாசிச்ச சமயத்துல அவியளும் நிப்பாட்டுனாவளா?"

"இல்லண்ணே. அவிய வீட்டுல ஒளிச்சு வச்சுக் குடுத்திருக்காவ."

"குடுத்திருக்காவ, இல்லியா?" என்றான். அட்டையை என் கையில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.