துரையாக நடித்த நண்பர்

நான் இலங்கை மலையகத்தில் அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட ஆசிரியன். நான் கூசியதுபோல் பிள்ளைகளும் ஆங்கிலம் பேசக் கூசக் கூடாதென்று, துரையிடம் குறை சொல்வதாக வகுப்பில் நாடகம் வைத்தேன். என் நண்பரான தோட்டத்துக் கிளாக்கர், தோட்டத்தை நடத்தும் துரையாக உட்கார்ந்தார்.

"பயப்படாம இங்கிலீஸ்ல சொல்லும்மா, என்ன குறை?" என்றார்.

வேலை வாங்கும் கங்காணி தன் தாயை அடித்ததைச் சிறுமி மீனாட்சி திக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள். நண்பர் கைதட்டினார். நான் பூரித்துப்போனேன்.

மறுநாள் நிஜத் துரை என்னை அழைத்து, அவள் சொன்னதை வார்த்தை மாறாமல் சொல்லி, அந்தக் குடும்பத்தைத் தோட்டத்தைவிட்டு அனுப்புவதாகச் சீறினார். "அது நான் எழுதிக்கொடுத்த பொய்" என்று கெஞ்சித் தப்பவைத்தேன்.

ஏன் போய்ச் சொன்னீரென்று நண்பரைக் கேட்டேன். "நம்ம சோறு தொரை கையிலல்லவா வாத்தியாரே?" என்று சிரித்தார்.

இப்போது துரையாக நானே உட்காருகிறேன். மீனாட்சிதான், "எல்லாரும் சுகம், ஸார்" என்பதற்குமேல் ஆங்கிலம் பேசுவதில்லை.