மூன்று புள்ளி அடித்த வளைகுழாய்

காலை ஆறேகாலுக்குச் சேலம் அஸ்தம்பட்டியில் டவுன் பஸ் ஏறிப் புதிய பேருந்து நிலையம் போய், அங்கிருந்து திருச்செங்கோடு வண்டி பிடித்தேன். நாற்பத்தைந்து கிலோமீட்டர்.

என் வீட்டுக் கிராமபோன் ஆறு வருடமாகப் பாடவில்லை. ஊசித் தலையைத் தாங்கும் வளைகுழாய் வெடித்துவிட்டது. அதே காலத்துக் குழாய்தான் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தேன். ஜேடர்பாளையத்தில் ஒன்று இருப்பதாகத் தகவல் வந்தது. உடைந்த குழாயை ஒத்துப் பார்க்கத் துணிப்பையில் எடுத்துக்கொண்டேன்.

"ஏனுங்க, பையில என்ன கோழிக்குஞ்சுங்களா? இப்பிடி அணைச்சுப் புடிச்சிருக்கீங்க?" என்றார் கண்டக்டர்.

சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மரவள்ளிக் காடுகள் பனிக்குள் மிதந்தன. கண் சொருகியது. எங்கேயோ இசைத்தட்டு சுற்றுவதுபோல் சக்கரம் சுற்றியது.

திருச்செங்கோட்டில் வண்டி மாறி, பத்து மணிக்கு ஜேடர்பாளையம். தடுப்பணையில் காவிரி வெள்ளையாக விழும் ஓசை தெருவெல்லாம் கேட்டது. குழாய் வைத்திருந்த சரசக்கா வீட்டுக்குள் உட்காரவைத்து மோர் கொடுத்தார். சுவரில் மாலை போட்ட படம், அதன் கீழே கிராமபோன் பெட்டி.

"எங்கூட்டுக்காரருங்க. திருச்செங்கோட்டுல போர் போடுற ரிக் வண்டிப் பட்டறையில பிட்டரா இருந்தாரு. பொட்டி மாமனாரோடதுங்க தம்பி. கண்ணாலமான புதுசுல தொடைக்கறப்ப நாந்தான் கொழாயக் கீழ போட்டு ஒடச்சேன். இவரு சேலத்துல பழைய சாமான் கடையில வேற வாங்கியாந்து மாட்டுனாரு. கடைச் சாமான்தானுங்க, நீங்க எடுத்துட்டுப் போங்க."

குழாயைக் கழற்றிப் பார்த்தேன். பெட்டியில் பொறித்திருக்கும் ஆங்கில எழுத்து எனக்கு ஓடாது. திருகாணியின் மரையை வைத்துத்தான் காலம் சொல்வேன். பெட்டியின் ஆணிகளெல்லாம் பழைய காலத்து அங்குல மரை. குழாயின் ஆணிகள் பிற்பாடு வந்த மில்லிமீட்டர் மரை. நிக்கல் பூச்சு தேய்ந்த இடத்தில் செம்பு தெரிந்தது. பெட்டிக்கு எண்பது வயதாவது இருக்கும், குழாய்க்கு அதில் பாதிகூட இல்லை. இணைப்பின் இரண்டு பக்கமும் பன்ச் உளியால் அடித்த மூன்று மூன்று புள்ளி. பிரித்ததை நேராகச் சேர்க்கப் பட்டறையில் வைக்கும் அடையாளம்.

பழையது இல்லை. ஆனால் என் பெட்டிக்கு அச்சாகப் பொருந்தும், பாடும். வாய் திறக்காமல் பையில் போட்டுக்கொண்டால் முடிந்தது. மோர் தீர்ந்த பிறகும் காலி டம்ளரை இரண்டு தடவை வாய்க்குக் கொண்டுபோனேன்.

"அக்கா, இது கடையில வாங்குனது இல்லீங்க. யாரோ கையில செஞ்சது. பாருங்க, மூணு புள்ளி."

அவர் குனிந்து பார்த்தார். சமையலறைக்குப் போய் மிக்ஸி ஜாரைக் கொண்டுவந்தார். மூடியிலும் ஜாரின் விளிம்பிலும் அதே மூன்று புள்ளி.

"எதைப் பிரிச்சாலும் இப்பிடித்தான் அடிப்பாரு. கடையில வாங்குனேன்னு பொய் சொல்லிப்போட்டாரே, பாவி மனுசன்!" சிரித்தார். கண்ணைத் துடைத்தார். "தம்பி, கோவிச்சுக்காதீங்க. இத நான் தர மாட்டனுங்க."

"வேண்டாங்க்கா" என்று புள்ளிக்குப் புள்ளி சேர்த்துக் குழாயை மாட்டிச் சாவி கொடுத்தேன். இருந்த ஒரே இசைத்தட்டு பாடியது. நாதசுரம். தண்ணீர் ஓசையும் அதுவும் கலந்து, எது எது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றரைக்குத் திருச்செங்கோட்டில் இறங்கினேன். சேலம் வண்டி தயாராக நின்றது. நான் லேத் பட்டறைகள் இருக்கும் பக்கம் நடந்தேன்.

"எந்த வண்டிக்குங்க?" என்றார் லேத்துக்காரர், என் கையிலிருந்த உடைந்த குழாயைப் பார்த்து.

"பாட்டுப் பொட்டிக்குங்க."

லேத்தை நிறுத்திவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.


"புதுசாத்தான் வரும், பரவால்லீங்களா?"

"பரவால்லீங்க" என்றேன்.