அழுக்கென்று அழித்த கோடுகள்

எங்கள் பொது நூலகத்தில் பழைய வாரச் சஞ்சிகைகளைக் கட்டிவைத்த பதினொரு தொகுதிகள் இருந்தன. அலுமாரியில் இடமில்லை, கறையான் வேறு. பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்துக் கணினியில் ஏற்றிவிட்டு, வியாழக்கிழமை தொகுதிகளைப் பழைய பேப்பர் வாங்குபவரிடம் கொடுத்துவிடச் சொல்லிக் கடிதம் வந்தது. படமெடுப்பது ஏறாவூரிலிருந்து வேலைக்கு வரும் மூத்த ஊழியர்; அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவேன். சரிபார்த்துக் கையெழுத்திடுவது நான்.

அந்தச் சஞ்சிகைகளில் வாரம் ஒரு முழுப்பக்கக் கேலிச்சித்திரம் வரும். தொட்டு எழுதும் பேனாவும் கறுப்பு மையும்தான் வரைந்தவரின் சொத்து. சந்தையை வரைந்தால் மீன்கூடையின் பின்னல்கூடத் தெரியும். நிழலுக்குக் கறுப்பைக் கொட்டிவிட்டுப் போகமாட்டார். மயிரிழைக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்து, வெயில் எந்தப் பக்கம் என்பதையே காட்டிவிடுவார்.

செவ்வாய்க்கிழமை, நானா ஏற்றியிருந்ததைத் திறந்தேன். கோடுகளைக் காணவில்லை. மனிதர்கள் வெள்ளைக் கடதாசியில் வெட்டி ஒட்டிய பொம்மைகளாக நின்றார்கள்.

“நானா, இதென்ன செஞ்சிரிக்கீங்க?”

“கிளீன் பண்ணினன் தங்கச்சி. போன்ல ஒரு பட்டன் இரிக்கி. அமத்தினா ஊத்தையெல்லாம் போயிரும்.”

“அது ஊத்தை இல்ல நானா, படம்!”

“எழுத்து விளங்குதுதானே? சும்மா கையெழுத்தப் போடுங்க புள்ள.”

சும்மாவாம்! என் அப்பாவும் அம்மாவும் எந்தக் கந்தோரிலும் பெருவிரலைத்தான் மையில் அழுத்துவார்கள். எங்கள் குடும்பத்தில் படித்துக் கையெழுத்துப் போடும் முதல் ஆள் நான். அந்தக் கையெழுத்தை இதன் கீழே போட்டால், வியாழக்கிழமைக்குப் பிறகு அந்தக் கோடுகள் கச்சான் கடலை சுற்றத்தான் மிஞ்சும்.

தொகுதியைத் தூக்கிவந்து அவர் முன்னால் விரித்தேன். ஒரு கந்தோர். நீண்ட வரிசை. அதிகாரியின் கதிரை காலி.

“இதில என்ன பகிடி இரிக்கி?” என்றார்.

கைபேசிப் படத்தில் ஒன்றுமே இல்லைதான். புத்தகத்தில் அலுமாரிக்குப் பின்னால் இருட்டு மூலையைத் தொட்டுக் காட்டினேன். நெருக்கமான கோடுகளுக்குள் அதிகாரி குந்தியிருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தார். கைபேசியில் அந்த மூலை வெறும் வெள்ளைச் சுவர்.

நானா கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். “அட! ஒளிச்சிருந்து தின்னுறான்! கண்ணப் பாருங்களன், கள்ளப் பூனை!” சிரித்து முடித்ததும், “அப்ப இத மட்டும் திருப்பி எடுப்பம்” என்றார்.

“இத மட்டுமா?”

நான் போட்ட சத்தத்தில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சரிபார்ப்புத் தாளில் ‘ஏற்க முடியாது, எல்லாம் மீண்டும் எடுக்கவேண்டும்’ என்று எழுதி, அதன் கீழே முழுக் கையெழுத்தையும் போட்டு நூலகரிடம் நீட்டினேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டே பேப்பர்காரரை ஒரு கிழமை பிந்தி, அடுத்த வியாழன் வரச் சொன்னார்.

மறுநாள் காலை நானா அந்தப் பட்டனைத் தொடாமல் வேலையைத் தொடங்கினார். மத்தியானமாகியும் நாலு பக்கம்தான் முடிந்திருந்தது. ஐந்தாவதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தார்.

“நானா, இருக்கிறது ஒரு கிழமைதான்!”

“பொறுங்க தங்கச்சி. இதுக்குள்ளயும் எங்கயோ ஒருத்தன் ஒளிச்சிரிக்கான்.”

“அதில ஒருத்தரும் இல்ல. அது சமையல் குறிப்பு.”

அவர் நம்பவில்லை. பக்கத்தை யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார்.