நான் போட்ட இரண்டு மார்க்

தொண்ணூறுகளில் கிழக்கு லண்டனில் ஒரு கவுன்சிலில், அதாவது நகரசபையில், வேலை பார்த்தேன். வயோதிபரைக் குளிப்பாட்டுவது, சாப்பாடு கொடுப்பது போன்றவற்றைத் தன் சொந்த ஆட்களை வைத்துச் செய்வதை விட்டு, கவுன்சில் அவற்றை வெளி நிறுவனங்களிடம் வாங்கத் தொடங்கியிருந்த காலம் அது. யாரிடம் வாங்குவது, எத்தனை மணித்தியாலம் வாங்குவது, எந்த ஒப்பந்தத்தைத் தொடர்வது என்று பார்ப்பது எங்கள் பிரிவு. அதற்கு ஒரு மேனேஜர் வேண்டும். அந்தக் கதிரையில்தான் ஒருத்தரும் நிலைப்பதில்லை. நிரந்தரமாக ஆள் எடுக்க மேலிடத்துக்கு மனம் வராது. ஆள் அனுப்பும் ஏஜென்சியிடம் சொல்லி ஆறு மாதத்துக்கு ஒருவரை எடுப்பார்கள். வந்தவர் எந்தக் கோப்பு எந்த அலுமாரியில் இருக்கிறது என்று பழகுவதற்குள் போய்விடுவார். மூன்று பேருக்குப் பிரியாவிடை கேக் வெட்டினேன். மூன்றாவது கேக்கை வெட்டும்போது கத்தியை மேசையில் குத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம் போல இருந்தது.

ஆத்திரத்துக்குக் காரணம் ஒரு கோப்பு. ஈஸ்ட் ஹாமில் நாலைந்து தமிழ்ப் பெண்கள் சேர்ந்து ஒரு சிறிய பராமரிப்புச் சேவை நடத்தினார்கள். அவர்களுடைய ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது. மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான் தொடரும். மேனேஜரோ இல்லை.

அந்தப் பெண்களை நம்பி இருந்தவர்களில் ஒருவர் எங்கள் பின்தெருவில் தனியாக இருந்த ஐயா. தபால் கந்தோரில் முப்பது வருஷம் இங்கிலிஷில் வேலை செய்த மனுஷன். பாரிசவாதம் வந்து வலப்பக்கத்தை இழுத்தபோது இங்கிலிஷையும் சேர்த்துக் கொண்டு போய்விட்டது. தமிழ் மட்டும் மிஞ்சியது, அதுவும் திக்கித் திக்கி. மனைவி இல்லை, பிள்ளைகள் இல்லை. காலையில் ஒருத்தி போய் உடம்பு கழுவி, கஞ்சி காய்ச்சி, ஆறவைத்து ஊட்டிவிட்டு வருவாள். சனிக்கிழமைகளில் நான் எட்டிப் பார்ப்பேன்.

"கையெழுத்துப்... போட்டாச்சோ பிள்ளை?"

"போடுவினம் ஐயா. புது ஆள் வரட்டும்."

புது ஆளுக்கு ஏஜென்சி இரண்டு பேரை அனுப்பியது. நேர்முகம் எடுக்க மூன்று பேர் இருந்தோம்: துணை இயக்குநரான ஒரு வெள்ளைக்கார அம்மா, ஆளணிப் பிரிவிலிருந்து ஒருவர், கோப்புகளைத் தெரிந்தவள் என்பதால் நான். விண்ணப்பங்களைப் புரட்டிய துணை இயக்குநர், ஒரு பெயரைப் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பி, "உங்களுக்குத் தெரிந்தவரா?" என்று இங்கிலிஷில் கேட்டுச் சிரித்தார்.

தமிழ்ப் பெயர். "இல்லை" என்றேன். உண்மைதான், அந்த மனுஷனை நான் கண்டதே இல்லை. ஆனால் காது இரண்டும் எரிந்தன. நாளைக்குக் கந்தோர் முழுக்க "தன்ர ஆளைக் கொண்டுவந்து இருத்திப்போட்டா" என்று ஆகிவிடுமே! எங்கள் சனத்தில் ஒருத்தர் உத்தியோகத்தில் ஏறிவிட்டால் முதலில் பழகுவது இந்தப் பயத்தைத்தான்.

அந்தத் தமிழர் தெற்கு லண்டனில் நோர்பரியிலிருந்து வந்திருந்தார். தோளில் கொஞ்சம் பெரிதாயிருந்த கோட். என்னை ஒருதரம் பார்த்தார், பிறகு பார்க்கவேயில்லை. என்மேல் சந்தேகம் வராமலிருக்கத்தான் அப்படி இருக்கிறார் என்று விளங்கியது. சிறிய சேவைகளை மூடவிடாமல் வேறொரு கவுன்சிலில் காப்பாற்றியவர் என்று அவருடைய பரிந்துரைக் கடிதத்தில் இருந்தது. துணை இயக்குநர் கேட்டார்: "நீங்கள் செய்ததில் பெரிய சாதனை எது?"

மனுஷன் கூச்சத்தோடு சிரித்தார். "நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. என்னோடு வேலை செய்தவர்கள் கெட்டிக்காரர்கள்."

ஐயோ! தன் வாயால் தன்னைப் புகழக் கூடாது என்று எங்களை வளர்த்துவிட்டார்கள். அதைப் போய் நேர்முகத்தில்! மற்ற இருவரும் தலையைக் குனிந்து குறைவாக எழுதுவது தெரிந்தது. நான் வாயைத் திறந்திருக்கலாம். "எங்கள் ஆட்கள் இப்படித்தான் பேசுவார்கள், கடிதத்தைப் பாருங்கள்" என்று சொல்லியிருந்தால் போதும். பஸ் கொண்டக்டரோடு பத்துப் பென்ஸுக்குச் சண்டை பிடிக்கிறவள் நான். அன்றைக்கு வாய் ஒட்டிப்போயிற்று. நாலு போட வேண்டிய இடத்தில், ஐந்துக்கு இரண்டு என்று எழுதினேன்.

அடுத்தவர் வெள்ளைக்காரர். எல்லாவற்றையும் தானே தனியாகச் சாதித்ததாகச் சொன்னார். அவருக்கு நாலு போட்டேன். கூட்டிப் பார்த்தபோது நோர்பரிக்காரர் ஒரு மார்க்கால் தோற்றிருந்தார்.

வீட்டில் சொன்னபோது என் மனுஷன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "உனக்கென்ன விசரே? கூடப் போடச் சொல்லி ஆர் கேட்டது? உள்ளதைப் போட்டிருக்கலாம் தானே?"

நான் எழும்பிப் பாத்திரம் கழுவப் போனேன்.

புது மேனேஜர் இரண்டாவது கிழமையே முடிவெடுத்தார்: சிறிய ஒப்பந்தங்கள் எல்லாம் மார்ச்சோடு நிறுத்தம், எல்லாம் ஒரே பெரிய கொம்பனிக்கு. அவருடைய அறைக்குப் போய்க் கெஞ்சினேன். அந்த ஐயாவுக்குத் தமிழ் மட்டும்தான் விளங்கும், வேறு யாரும் போனால் வாயைத் திறக்கமாட்டார் என்றேன். பொறுமையாகக் கேட்டார், அதற்குக் குறை சொல்ல முடியாது. "அப்படியானவருக்கு ஒரு பராமரிப்பு இல்லம்தான் நல்லது" என்றார். கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். நாலு மாதத்தில் அவரும் வேறு இடம் கிடைத்துப் போனார். அவருடைய கேக்கை நான் வெட்டவில்லை.

ஐயாவை வைத்த இல்லத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். போன அன்றைக்கு ஆளை அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு மெலிவு. தட்டைத் தள்ளிவிடுகிறார், முரண்டு பிடிக்கிறார் என்று அங்கே வேலை செய்த பெண் முறையிட்டாள். கட்டிலில் குனிந்து காது கொடுத்தேன். "கஞ்சி" என்றார். கிழமைக்கணக்காக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அதை இங்கிலிஷில் அந்தப் பெண்ணுக்கு எழுதிக் கொடுத்தேன்.

புறப்படும்போது இடக்கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக்... கையெழுத்து?"

"புது ஆள் மாட்டன் எண்டிட்டார் ஐயா."

ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தார்.

"நீ... அங்கைதானே இருந்தனி. ஒரு சொல்லுச்... சொல்லியிருக்க ஏலாதே பிள்ளை?"

"ஏலாமப் போச்சு ஐயா" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். என்னை நம்பிவிட்டார்.